எரிகிற வீட்டில் பிடுங்குவதா?

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நம்மவர்களிடையே ஒரு பழமொழி உண்டு. லயத்தில் தீப்பிடித்தால் எல்லோரும் தண்ணீர் வாளியுடன் ஓடுவார்கள். ஒருவன் மட்டும் எதைத் தூக்கலாம் என்று நோட்டம் பார்த்துக்கொண்டு நிற்பான். நாட்டுக்கு நெருக்கடி வரும்போதும் இதுவே நடக்கிறது. கொள்ளை நோய் வந்தாலும், வெள்ளம் வந்தாலும், பணம் மதிப்பிழந்தாலும், அந்தக் குழப்பத்தில் முதலில் களவு போவது ஏழைக்குக் காவலாக இருந்த சட்டமேயாகும். அப்படிக் களவு போகக்கூடிய ஒரு சட்டத்தைக் குறித்தே இவ்விதழில் எழுதுகிறோம்.

அதன் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. பெயர் நீளமே தவிரப் பொருள் எளிது. ஓர் அணையையோ, சுரங்கத்தையோ, பெரிய தொழிற்சாலையையோ தொடங்குவதற்கு முன்னால், அதனால் மண்ணுக்கும் ஆற்றுக்கும் காற்றுக்கும் அங்கே குடியிருக்கும் மக்களுக்கும் என்ன கேடு வரும், அதைத் தடுக்க வழி என்ன, வேறு இடம் உண்டா என்று ஆராய்ந்து எழுத்தில் கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல் இலாகா அந்த அறிக்கையைப் பார்த்து ஒப்புக்கொண்ட பின்புதான் வேலையைத் தொடங்கலாம். பெருந்திட்டமாக இருந்தால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து அவர்கள் கருத்தையும் கேட்க வேண்டும். நம் நாட்டின் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 1985-ஆம் ஆண்டு இதற்கென 34ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்கீழ் 1987-இல் போடப்பட்ட உத்தரவு 1988 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. 2015-இல் அதற்குப் பதிலாகப் புதிய உத்தரவு வந்தது.

பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கத்தியை வைக்குமுன் அவர் பட்டையைப் பார்க்கிறார். ஆழம் தப்பிக் கட்டையில் பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. முண்டும் முடிச்சுமாக நிற்கும். ரப்பர் விலை ஏறியிருக்கிறது, ஆழ வெட்டு என்றால் இன்றைக்கு வாளி நிறையலாம். பிறகு அந்த மரம் பல ஆண்டுகளுக்கு உதவாது. வெட்டுமுன் பார் என்பதே தொழிலின் முதல் பாடம். சட்டம் சொல்வதும் அதுவே.

முன்னால் கேட்க வழியில்லாதவர்கள் பின்னால் படும் பாட்டுக்குப் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா சாட்சி. மேற்சொன்ன உத்தரவு பிறப்பதற்கு முன்பே, 1982-இல் அங்கே அரிய மண் தொழிற்சாலை ஒன்று நடக்கத் தொடங்கியது. கதிரியக்கமுள்ள தோரியம் அதன் கழிவில் இருந்தது. ஊர்மக்கள் 1985-இல் நீதிமன்றம் ஏறினார்கள். 1992-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கடைசியில் 1994-இல் கம்பெனியே கதவைச் சாத்தியது. ஆலை வருமுன் ஒரு மண்டபத்தில் கேட்டுத் தீர்த்திருக்க வேண்டிய கேள்விகளை நீதிமன்ற வாசலில் ஆண்டுக்கணக்காகக் கேட்க நேர்ந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

இது காட்டைப் பற்றிய சட்டந்தானே, தோட்டத்தாருக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டு உத்தரவின் பட்டியலைப் படித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 500 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டத்தில் பயிரை மாற்றினால் மதிப்பீடு வேண்டும் என்றும், விவசாயத் திட்டத்துக்காக 100 குடும்பங்கள் அல்லது அதற்கு மேல் இடம் பெயர்க்கப்பட்டால் மதிப்பீடு வேண்டும் என்றும், 50 ஹெக்டர் முதல் வீடமைப்புக்கு மதிப்பீடு வேண்டும் என்றும் அது சொல்லிற்று. ரப்பர் செம்பனையாவதும், செம்பனை வீடமைப்பாவதும், வீடமைப்புக்காக லயத்தைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வருவதும் நம் வாழ்க்கையே அல்லவா? தோட்டத்துப் பள்ளியும் கோவிலும் சுடுகாடும் அந்த நிலத்தின் மேல்தானே நிற்கின்றன? ஆற்றுக்கு மேற்புறம் குன்றைச் சரித்தால் கீழ்ப்புறத்தில் வெள்ளம் புகுவது யார் வீட்டில்?

இதே சட்டத்தை ஏய்க்கும் வித்தையும் நமக்குப் பழக்கப்பட்டதுதான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களைத் துண்டாடியே பல ஆயிரம் தொழிலாளர்களைத் தெருவில் விட்டார்கள். அந்தத் துண்டாடலைச் சமாளிக்கவே 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று திட்டங்களைத் துண்டாடுகிறார்கள். 50 ஹெக்டர் என்று சட்டம் சொன்னால் 49 ஹெக்டர் என்று மனுப் போடுவது. அது முடிந்ததும் பக்கத்திலே இன்னொரு 49. நூறு குடும்பம் என்றால் தொண்ணூறு குடும்பம். சாதாரணக் காலத்திலேயே இவ்வளவு சாமர்த்தியம் காட்டுபவர்கள், நெருக்கடிக் காலத்தில் சும்மா இருப்பார்களா?

இருக்கமாட்டார்கள் என்பதைக் கொரோனா காலம் காட்டிவிட்டது. இந்தியாவில் 2020-இல் ஊரடங்கு நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்தில், மதிப்பீட்டு விதிகளை மாற்றும் நகல் அறிவிப்பு அரசிதழில் வெளியாயிற்று. பொதுமக்கள் கருத்துக் கூறக் கொடுக்கும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைப்பதும், அனுமதியின்றித் தொடங்கிய வேலைக்குப் பின்னால் அனுமதி கொடுப்பதும் அதில் இருந்தன. ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள். வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத நாளில், கூட்டம் போடக்கூடாத நாளில், தபால் ஒழுங்காக ஓடாத நாளில் அந்த 60 நாள்! அதுவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். தமிழ்நாட்டு மீனவனும் அசாம் தோட்டத் தொழிலாளியும் எதைப் படித்து எதை எழுதுவது? டில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஆகஸ்ட் 11 வரை அவகாசத்தை நீட்டி, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதை மொழிபெயர்க்கச் சொன்னது. லட்சக்கணக்கான கருத்துகள் குவிந்தன. நகல் அப்படியே சட்டமாகவில்லை.

நகல் மக்கள் முன் இருந்த அதே நாட்களில், 2020 மே 7 விடியற்காலையில், விசாகப்பட்டினத்தில் ஊரடங்கால் சும்மா கிடந்த பாலிமர் தொழிற்சாலை ஒன்றின் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் என்னும் நச்சாவி கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஊரில் 12 பேர் மாண்டார்கள். அந்த ஆலை முறையான சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே பல ஆண்டுகள் ஓடியிருந்தது. பின்னால் அனுமதி கொடுத்தால் போதும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். 2020 அக்டோபரில், நோய் பரவிக்கொண்டிருந்தபோது, வேலை உண்டாக்கும் சட்டம் என்ற பெயரில் ஒரே மசோதாவாகப் பல சட்டங்களைத் திருத்தினார்கள். தொழிலாளர் உரிமையும் மதிப்பீட்டு விதியும் ஒரே கத்தியால் வெட்டுண்டன. மதிப்பீட்டில் கருத்துச் சொல்லும் வாய்ப்பு நேரடியாகப் பாதிக்கப்படுபவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. தொழிற்சங்கத்தார் வீதிக்கு வந்தார்கள். 2021 நவம்பரில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், மக்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் செய்த சட்டம் இது, இரண்டு ஆண்டுக்குள் திருத்துங்கள் என்றது. அரசாங்கமோ 2022 டிசம்பரில் உலகப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி அவசரச் சட்டம் போட்டு அதே ஏற்பாட்டை மீண்டும் கொண்டுவந்தது. 2023-இல் அது நிலைத்த சட்டமாயிற்று. முதலில் நோய், பிறகு பொருளாதாரம். காரணம் மாறியது, பறிபோனது மாறவில்லை. கூலி உரிமையும் மண் உரிமையும் ஒரே நாளில் ஒரே கையால் எடுக்கப்படுகின்றன என்பதைச் சங்கத்தார் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிற்க. நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சரவாக்கிலுள்ள பாக்குன் அணையை யாவரும் அறிவர். ஏறக்குறைய சிங்கப்பூர் அளவு நிலத்தை நீரில் மூழ்கடித்த திட்டம் அது. அறிக்கையின் பிரதியைப் பெற்று, அனுமதிக்கு முன்பே தங்கள் கருத்தைச் சொல்லும் உரிமை அங்கு வாழ்ந்த காயான், கென்யா முதலிய மக்களுக்கு இருந்தது. ஆனால் 1995 ஏப்ரலில் அரசிதழில் வந்த ஓர் உத்தரவு, 1987-ஆம் ஆண்டு உத்தரவு சரவாக்குக்குப் பொருந்தாது என்று சொன்னது; அதுவும் 1994 செப்டம்பர் 1 முதல் பொருந்தாது என்று பின் தேதியிட்டுச் சொன்னது! சரவாக்கின் சொந்த விதியில் மக்கள் கருத்தைக் கேட்பது கட்டாயமில்லை. நீளவீட்டுவாசிகள் மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 1996 ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. 1997 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது.

அதே 1997-இல் ஆசியப் பணநெருக்கடி வந்தது. ரிங்கிட் சரிந்தது. அணை வேலை ஒத்திவைக்கப்பட்டது. அணை நின்றதே, மக்களாவது தங்கள் இடத்தில் நின்றார்களா? இல்லை. 1998-இல் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் சுங்கை ஆசாப் என்னும் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். கட்டப்படாத அணைக்காக அவர்கள் காட்டையும் ஆற்றையும் விட்டுப் போனார்கள். நீர் தேக்கத் தொடங்கியது 2010-இல்தான். முதல் மின்சாரம் வந்தது 2011-இல். அவசரம், அவசரம் என்று சொல்லி மக்களைக் கேட்காமல் விரட்டினார்களே, அந்த அவசரம் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தது! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். இங்கே புத்தி மட்டான கணக்குக்கு விலை கொடுத்தவர்கள் ஏழைகள்.

மக்கள் கேட்டால் பயன் உண்டு என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சிலாங்கூர் மாநிலத்தில், தோட்டங்கள் நிறைந்த கோலலங்காட் மாவட்டத்தில், வடக்கு வனக்காப்பு நிலத்திலிருந்து 900 ஹெக்டருக்கு மேல் விடுவிக்கப்போவதாக 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. அந்த மாநிலத்தில் வனக்காப்பு நிலத்தை விடுவிக்குமுன் மக்களிடம் கேட்க வேண்டும் என்று விதி உண்டு. அதன்படி ஏறக்குறைய 45,000 ஆட்சேபங்கள் வந்தன. தெமுவான் பூர்வகுடியினர் முன்னால் நின்றார்கள். அப்படியிருந்தும், நாடு அவசரகாலத்தில் இருந்த 2021 மே மாதத்தில் அந்நிலத்தில் பாதிக்கு மேல் ஓசையின்றி விடுவிக்கப்பட்டது; செய்தி ஆகஸ்ட் கடைசியில்தான் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு எழுந்தது. செப்டம்பரில் மாநில அரசாங்கமே அம்முடிவை ரத்து செய்தது. முன்பே எழுதிக் கொடுத்த அந்த 45,000 ஆட்சேபங்கள் கோப்பில் இல்லாவிட்டால், எதைக் காட்டி வாதாடியிருப்பார்கள்? கேட்கும் விதி ஒன்று இருந்ததால்தான் ஆட்சேபம் இருந்தது. ஆட்சேபம் இருந்ததால்தான் காடு தப்பியது.

அவசரகாலம் என்னும் சொல் தோட்டத்தாருக்குப் புதிதன்று. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. நம் முன்னோரின் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. சில மாதத்தில் முடியும் என்றார்கள். 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டு நீடித்தது. முடிந்த மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்தது. விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரம் அதற்குள் குடிபுகுந்தது. அந்தச் சட்டம் ரத்தானது 2012-இல்தான். தற்காலிகம் என்று சொல்லி எடுத்த உரிமை திரும்பி வர எத்தனை தலைமுறை ஆகிறது என்பதற்கு இதுவே கணக்கு.

மருந்து தெளிக்கும் நம் பெண்களைக் கேட்டாலும் சொல்வார்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு 2002-இல் தடை வந்தது. 2006-இல் அது தளர்த்தப்பட்டது. முழுத்தடை மீண்டும் வந்தது 2020 ஜனவரி 1 அன்று. கை நழுவிய ஒரு காவலை மீட்கப் பதினான்கு ஆண்டு! அதுவரை அந்த நஞ்சை முதுகில் சுமந்தவர்கள் யார்? ஆகவேதான் மதிப்பீட்டுச் சட்டத்தையும் ஒரு நாள்கூட ஒத்திவைக்கக்கூடாது என்கிறோம்.

மறுபக்கத்து வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். மக்கள் வேலையிழந்து நிற்கிறார்கள், அடுப்பு எரியவில்லை, இந்த நேரத்தில் அறிக்கை, ஆய்வு என்று காலத்தைக் கடத்துவதா என்கிறார்கள். பசியின் கொடுமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வெள்ளத்துக்கு முகாம் போடவும், நோயாளிக்குக் கட்டில் போடவும், வேலையற்றவர் வீட்டுக்கு அரிசி கொடுக்கவும் யாரும் மதிப்பீட்டு அறிக்கை கேட்கவில்லை. அவற்றை இன்றே செய்யலாம். மதிப்பீடு கேட்கப்படுவது அணைக்கும் சுரங்கத்துக்கும் கடலைத் தூர்ப்பதற்கும். அவை கட்டி முடிய ஆண்டுகள் பிடிக்கும். ஐந்தாண்டில் முடியும் வேலைக்கு முன் சில மாதம் யோசித்தால் இன்றைய பசி கூடிவிடாது. யோசிக்காமல் இறங்கினால் நாளைய பசி கூடும். பதறாத காரியம் சிதறாது.

மதிப்பீடு என்றாலே திட்டத்துக்கு முட்டுக்கட்டை என்பதும் சரியன்று. வேலையை நிறுத்துவதற்காக ஏற்பட்ட சட்டம் அன்று அது. வேலையை ஒழுங்காகச் செய்விப்பதற்காக ஏற்பட்டது. இந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இல்லை என்றும் நாம் சொல்லவரவில்லை. அறிக்கையை எழுதும் நிபுணரை அமர்த்திக் கூலி கொடுப்பவர் திட்டத்தின் முதலாளியே. கங்காணியின் கணக்கைக் கங்காணியே தணிக்கை செய்வது போன்றது இது. ஆனால் தராசில் குறை இருந்தால் தராசைச் சரிசெய்யக் கேட்போம். பாலை நிறுக்காமலே வாங்கிக்கொள்ளுங்கள் என்று எந்தத் தொழிலாளியாவது ஸ்டோரில் சொல்வாரா?

ஆகவே அரசாங்கத்திடம் நாம் வற்புறுத்திக் கேட்பவை இவை. நெருக்கடியோ அவசரகாலமோ நடக்கும்போது மதிப்பீட்டு விதியைத் தளர்த்தும் எந்த உத்தரவும் வரக்கூடாது. உண்மையிலேயே உயிர் காக்கும் வேலைக்கு விலக்குத் தேவைப்பட்டால், அதற்கு முடிவுத் தேதி இருக்க வேண்டும். காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். நாடாளுமன்றம் அதைப் பார்க்க வேண்டும். பின் தேதியிட்ட உத்தரவு எதற்கும் இடமிருக்கலாகாது. மக்கள் கூட முடியாத காலத்தில் கருத்துக் கேட்கும் நாட்கணக்கு ஓடக்கூடாது. அறிக்கையின் சுருக்கம், பாதிக்கப்படும் மக்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். தோட்டமானால் தமிழில் வேண்டும். ஒரே முதலாளியின் அடுத்தடுத்த துண்டுகளை ஒரே திட்டமாகக் கணக்கிட வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் வேலை தீர்ந்துவிடாது. கிராணிமார்களே, ஒரு வார்த்தை. ஆபீசுக்கு வரும் வரைபடமும் கடிதமும் முதலில் உங்கள் கண்ணில்தான் படுகின்றன. நிர்வாகத்தின் இரகசியத்தைக் கொண்டுவரும்படி சொல்லவில்லை. ஆனால் இலாகா வெளிப்படையாகப் பார்வைக்கு வைக்கும் அறிக்கையைப் போய்ப் படிக்கவும், அதில் உள்ளதைப் பிரட்டுக்கு வரும் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் சொல்லவும், அவர் சொல்வதை மனுவாக எழுதிக்கொடுக்கவும் உங்களால் முடியும். படித்த படிப்புக்கு அதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

பால்வெட்டுத் தோழர்களே, நீங்கள் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எந்த ஓடை எந்த மாதத்தில் கரை புரளும், எந்தச் சரிவில் மண் இளகும், எந்தக் கிணற்று நீர் நிறம் மாறியது என்பது பட்டணத்து நிபுணருக்குத் தெரியாது. நாள்தோறும் நிரை நிரையாக நடக்கும் உங்களுக்குத் தெரியும். அதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து உங்களோடு வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வரும் வெள்ளம் அடையாளக் கார்டு பார்த்து வீடு புகுவதில்லை. சங்கக் கிளைகள் தங்கள் பகுதியில் வரும் திட்டங்களைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விஷயமாக வைக்கட்டும். கூலிக்கு மனுப் போடும் அதே ஊக்கத்துடன் மண்ணுக்கும் மனுப் போடட்டும்.

அடுத்த நெருக்கடி எப்போது வரும், என்ன பெயரில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும்போது, இப்போதைக்கு இந்தச் சட்டத்தை ஒத்திவைப்போம் என்று ஒருவர் நிச்சயம் எழுந்து சொல்வார். அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல ஒவ்வொரு தோட்டத்திலும் விவரம் தெரிந்த பத்துப் பேராவது இருக்க வேண்டும். தீயை அணைக்கத் தண்ணீர் வாளியுடன் ஓடுவோம். அதே சமயம் வாசலில் ஓர் ஆளைக் காவலுக்கும் நிறுத்துவோம்.